ஐந்தாம் மட்டத்துத் தண்ணீர்

அஸ்தூரியாஸ் மலைப்பக்கம், தான் முன்பு நடத்தி மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய வெந்நீரால் வீடுகளைச் சூடேற்றிப் பார்க்க மின் நிறுவனம் முடிவு செய்திருந்தது. அங்கிருந்த சுரங்கக் குடியிருப்பில் எதெல்வினா என்ற பெண் மட்டும் சம்மதிக்கவில்லை. பேசிப் பார்க்க இளம் பொறியாளன் பெலாயோ வந்தான்.

“கரி தோண்டுன்னதும் நீங்கதான், இப்போ புகை ஆகாதுங்கறதும் நீங்கதான். நல்லா இருக்குப்பா உங்க கம்பெனி,” என்றபடி அவள் காபியை நகர்த்தி வைத்தாள். “தண்ணி எந்த மட்டத்துலேருந்து எடுக்கறீங்க?”

“அஞ்சாம் மட்டம்மா. அவ்வளவு ஆழத்துலதான் நல்ல சூடு.”

அவள் முகம் இறுகியது. அழுக்குத் தண்ணீருக்கு அஞ்சுகிறாள் என்று நினைத்தான் பெலாயோ.

“பயப்படாதீங்க. அந்தத் தண்ணி ஒரு சொட்டுகூட வீட்டுக்குள்ள வராது. வேற குழாய்ல நல்ல தண்ணி ஓடும். சூடு மட்டும்தான் அதுக்கு மாறும்.”

“அஞ்சாம் மட்டத்துல தீப்பிடிச்சப்போ, உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சே தண்ணியை விட்டு அணைச்சாங்க,” என்றாள் எதெல்வினா. “என் வீட்டுக்காரர் செல்சோ இன்னும் அங்கதான் இருக்கார்.”

பெலாயோ தாள்களை மடக்கினான். “மன்னிச்சுக்கங்கம்மா. உங்க வீட்டை விட்டுடச் சொல்றேன்.”

“இரு. அவர் கிடக்கற தண்ணி வேணாம்னுதான் மறுத்தேன். சூடு மட்டும்தான் வரும்னு சொன்னியே?”

“ஆமாம்மா.”

“அப்போ கட்டில்ல அவர் படுக்கற பக்கமாக் குழாயைக் கொண்டுவா.”