கடைசி வரிசை மைக்

பேரவையின் கடைசி வரிசை மைக்குக்கு ஒரே கவலை. உறுப்பினர் பொன்னுரங்கம் தன் ஊர் ஏரி மதகு உடைந்ததைச் சொல்லி முடிப்பதே இல்லை. தலைவர் மேஜை மணி மூன்று முறை அடித்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

ஆட்சி மாறியது. பொன்னுரங்கமே பேரவைத் தலைவரானார்.

"இனி விடிவுகாலம்," என்றது மைக்.

மறுநாளே கடைசி வரிசையில் பக்கத்துத் தொகுதியின் புது உறுப்பினர் ஒருவர் அதே மதகுக்காக எழுந்தார். "உட்காருங்க," என்றார் பொன்னுரங்கம். ஒரே மணியில் மைக் அணைந்தது. அதுவே வழக்கமாயிற்று.

மறுபடி ஆட்சி மாறியது. பொன்னுரங்கமும் பழைய கடைசி வரிசைக்கே திரும்பினார். ஏரி அப்போது வற்றியிருந்தது.

"தலைவர் அவர்களே, எங்க ஊர் மதகு..."

"அண்ணே, இவரையாவது முடிக்க விடுங்க," என்று மணியிடம் கெஞ்சியது மைக்.

"மூணு மணியை ஒண்ணாக்கினது யாரு தம்பி?" என்றது மணி. பிறகு ஒரே ஒரு முறை அடித்தது.