சேபருக்கு வைத்த பொட்டு

விமானத்தின் மூக்கிலிருந்து சிவப்பாக வழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் சின்னையா, “ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வீரம்மா ஓடி வந்தாள். “என்னாங்க? யாருக்கு என்னா ஆச்சு?”

“யாருக்கு ஆவணும்? என் பிளேனுக்குத்தான்!”

பிளேன் சாப்பாட்டு மேசையில் நின்றது. ஒரு சாண் நீளம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த சேபர் போர் விமானம். மூக்கில் சந்தனம், அதன் மேல் தண்ணீர் பட்டு வழிந்த குங்குமம். முன் சக்கரம் ரொம்பச் சின்னதாக இருந்ததால் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக அதற்கடியில் ஒரு குட்டி லீமாவ் காய் நசுங்கிக் கிடந்தது.

அன்று எண்பத்திரண்டாம் வருஷத்து ஆயுத பூஜை. ஈப்போவில் புந்தோங் பக்கம் குடியிருந்த சின்னையா பஸ் டிரைவர். டிப்போவில் தன் பஸ்ஸுக்குப் பூசை போட்டுவிட்டு, பொரிகடலையைக் கொறித்தபடி குஷியாக வீடு திரும்பியிருந்தார். அதற்குள் வீரம்மா தையல் மெஷின், அம்மிக்கல், மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தாள். மேசை மேலிருந்த விமானத்தை மட்டும் விட்டு வைப்பாளா?

“நாளைக்குப் போட்டிக்குப் போவுதே, நல்லபடியா போயிட்டு வரட்டும்னு வெச்சேன்.”

“போட்டின்னு தெரிஞ்சே வெச்சியா? அந்த ஜட்ஜு ஒரு நூல் பிசகுனாலும் ஒதுக்கிருவாருலா!”

அவர் சொன்னது மிகையில்லை. ஈப்போவில் நடக்கும் அந்த விமான மாதிரிப் போட்டிக்கு நடுவர் அலெக்சாண்டர், மலேசிய ஆகாயப் படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் சின்னையாவின் விமானத்தில் வால் எண் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தது. அலெக்சாண்டர் புத்தகத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டி, அத்தனை பேர் முன்னாலும் அதை ஓரங்கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து டிப்போவில் சின்னையாவுக்கு ‘வெளையாட்டுப் பிளேன்’ என்று பட்டப்பெயர். இந்த முறை முதல் பரிசு வாங்கி எல்லோர் வாயையும் அடைத்தே தீருவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார். போர் விமான வரலாற்றுப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் பட்டர்வொர்த் ஆகாயப் படை முகாமில் நின்ற சேபர் ஒன்றின் படம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைச் செய்திருந்தார்.

“எங்கப்பா பட்டர்வொர்த் முகாமுல பிளேன் கழுவுன காலத்துல…” என்று வீரம்மா ஆரம்பித்தாள்.

“உங்கப்பா கதைய இப்ப எடுக்காத! எனக்கு இருக்குற கோவத்துக்கு!”

ஈரத் துணியால் மெல்லத் துடைத்துப் பார்த்தார். சந்தனக் கறை வெள்ளிப் பூச்சுக்குள் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் ஒட்டியிருந்த எண்ணும் உரிந்துவிடும் போலிருந்தது. துணியை வீசிவிட்டு, “நான் போவல. மறுபடியும் என்னால அவமானப்பட முடியாது” என்றார்.

வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “போலாங்க. நானும் வாரேன். ஜட்ஜு கேட்டா நான்தான் வெச்சேன்னு நானே சொல்லிர்றேன்.”

அவள் அழுததைப் பார்த்ததும் சின்னையாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மறுநாள் மண்டபத்தில் சேபரைச் சுற்றி ஒரே சிரிப்பு. “மச்சான், இது குண்டு போடப் போவுதா, காவடி எடுக்கப் போவுதா?” என்று கேட்டான் சிலிபின் பக்கமிருந்து வந்த வாலிபன் ஒருவன். சின்னையா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தபடி நின்றார்.

மற்ற விமானங்களைப் பார்த்து முடித்துவிட்டு அலெக்சாண்டர் கையில் புத்தகத்தோடு வந்தார். எண்ணைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், மூக்குக்கு வந்ததும் நின்றார். பிறகு குனிந்து, விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே இடப்பக்கமாக உற்றுப் பார்த்தார். அங்கேயும் ஒரு துளிக் குங்குமம். சின்னையாவே அதை அப்போதுதான் கவனித்தார்.

“இது யாரு வெச்சது?”

வீரம்மா முன்னால் வந்தாள். “நான்தாங்க ஐயா. இவரு மேல தப்பில்ல. எங்கப்பா அந்த எடத்துலதான் வெக்கணும்பாரு.”

“ஏன் அந்த எடத்துல?”

“ஓட்டுறவரு ஏறும்போது கண்ணுல படணுமாம். அப்பத்தான் பத்திரமா எறங்கி வருவாராம்.”

அலெக்சாண்டர் புத்தகத்தை மூடினார். முதல் பரிசு அட்டையை எடுத்துச் சேபருக்கு முன்னால் வைத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே? “சார், புத்தகத்துப் படத்துல பொட்டு இல்லீங்களே!”

“படம் எடுத்தவன் ஆயுத பூஜைக்கு முகாம் பக்கம் வந்திருக்க மாட்டான்லா” என்றார் அலெக்சாண்டர்.

பிறகு வீரம்மாவின் பக்கம் திரும்பினார்.

“உங்கப்பா, ராமசாமி அண்ணே, சுகமா இருக்காராம்மா?”