கார் நிற்க ஒரு நிலவறை

கிட்ட வாங்க கண்ணுகளா, இனிமேல் நடக்கப்போகிற ஒரு கதை சொல்கிறேன்.

கோத்தகிரிச் சரிவில் வீடு கட்டுவதற்கு அப்போது ஒரு சட்டம் உண்டு. கார் நிறுத்த நிலவறை தோண்டினால் மண் தளரும் என்று, அந்த வீட்டில் இரண்டு பேர்தான் குடியிருக்கலாம். தோண்டாவிட்டால் மூன்று பேர். ஒப்புதல் வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

நஞ்சப்பன் நிலவறை போட்ட வரைபடத்தை ஒப்புதல் தரும் பேசும் திரையில் விரித்து, கைரேகை வைக்கப் போனான். பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. அவன் மனைவி பவளக்கொடி இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு முறை கலைந்த வயிறு. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். மூன்று மாதம் முடியாமல் புருஷனிடம்கூட வாய் திறப்பதில்லை என்றிருந்தாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"ஏன் இப்படிக் கால்ல சக்கரம் கட்டிட்டுச் சுத்துற? நம்ம ரெண்டு பேருக்கு இது தாராளம்."

அவள் திரையைத்தான் கேட்டாள். "ஏனுங்க, இனிமே பொறக்கப்போற ஆளையும் கணக்குல சேர்ப்பீங்களா?"

"பிறந்த நாளிலிருந்து சேர்ப்போம். மூன்றாவது ஆள் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்றது திரை.

நஞ்சப்பனின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தையே பார்த்தான். பிறகு நிலவறையை அழித்தான்.

"கார் மழையில நனையட்டும் விடு. நீ மொதல்ல உட்காரு."

உங்கள் வீட்டிலும் வரப்போகிறவர்களுக்கு எப்போதும் இடம் இருக்கட்டும், கண்ணுகளா.