வேனோடு வந்த நிழல்

நிலக்கரியையும் மரத்தூளையும் சேர்த்துக் காய்ச்சி டீசல் எடுக்கும் ஆலையில், முதல் வெற்றி அவளுடைய ஷிஃப்டில்தான் கிடைத்தது. அந்தத் தூளில் பாதி, சாலைக்காக வெட்டப்பட்ட அவள் வீட்டு வாசல் மரம். எடுத்தவரே முதலில் தன் வண்டியில் ஊற்றிப் பார்ப்பது என்று ஆலையில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கேனை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"கரியையும் தூளையும் குடிச்சிட்டு என் வேன் ஓடுமாக்கும்!" என்றான் கணவன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது.

மறுநாள் உச்சி வெயிலில், மொட்டை வாசலில் நின்ற வேனின் மேல் இலைநிழல் அசைந்தது. வேன் சந்தைக்குப் போனால் நிழலும் கூடவே போனது.

"என்ன இது?" என்றான் கணவன்.

"நம்ம வாசல் மரம்தாங்க," என்றாள், பெற்ற பிள்ளையைக் காட்டுகிற பெருமையோடு.

சருகு கூட்டியே இடுப்பு ஒடிந்தது என்று அந்த மரத்தைத் திட்டித் தீர்த்த மாமியார், வேனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்பாடா, என்ன குளிர்ச்சி! என் மருமக கைராசி!"

வாரக் கடைசியில் டீசல் முள் அடியைத் தொட்டது. தரையில் இலைகளின் நிழல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தன. பழக்கத்தில் துடைப்பத்தோடு வந்த மாமியார், கூட்ட எதுவும் இல்லாமல் வெயிலில் நின்றார்.