சரியாத நீலக் கோடு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. பாளையம்பட்டியை ஒட்டிய அந்தச் சிறுநீரக மருத்துவமனையின் கணினித் திரையில், பதினெட்டு மாதங்களாக நாற்பது பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று ஒரு நீலக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய மாத்திரையையும் புதியதையும் ஒப்பிடும் சோதனை அது. சிவப்புக் கோடு பழைய மாத்திரை உண்ட நாற்பது பேருடையது. ஒருவர் இறக்கும்போதெல்லாம் அது ஒரு படி இறங்கும். பதின்மூன்று படிகள் இறங்கியிருந்தது. புதிய மாத்திரைக்குரிய நீலக் கோடோ, அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் உச்சியிலேயே நின்றது.

அங்கே மாத்திரை கொடுத்து, சோதனைக் கணக்கையும் பார்க்கும் கிருஷ்ணப்ரியா மூன்றாம் முறையாகக் கணக்கை ஓட்டினாள். அவளுடைய அப்பா தனுஷ்கோடிக்கும் அதே நோய். மதுரையில் டயாலிசிஸுக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது; வேண்டுமா, வேண்டாமா என்று பதினொன்றரை மணிக்குள் சொல்லியாக வேண்டும். அவரோ, "எதைச் செஞ்சாலும் நான் பொழைக்க மாட்டேன் தாயி, விட்டுரு" என்று மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

டாக்டர் மாதவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒருத்தர்கூடவாம்மா சாகல? செத்தவுகளுக்கு ஒண்ணு, இருக்கிறவுகளுக்கு சைபருன்னுதான போட்டே? மாத்திப் போட்டுறலையே?"

"மாத்தல சார். சாஃப்ட்வேர்ல ஏத்தினதை நோட்டோட வரிவரியா ஒத்துப் பாத்துட்டேன். மாத்திரை வாங்கினதுக்கு மாசாமாசம் நானே குறிச்சிருக்கேன். புது மாத்திரைக்காரவுக ஒருத்தருக்கும் ஒரு மாசங்கூட விடுபடல."

"நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. உங்கப்பாவுக்கு என்ன செய்யப் போற?"

"ரெண்டு கோட்டுக்கும் இம்புட்டு வித்தியாசம் தற்செயலா வர, ஆயிரத்துல ஒரு வாய்ப்புக்கூட இல்லைன்னு வருது சார். இதை நம்பலேன்னா நான் வேற எதை நம்புறது?"

"உங்க வீட்டு விசயத்துல நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஆனா மதுரை இடத்தை விட்டா, அடுத்தது கெடைக்க மூணு மாசமாகும். அதை யோசிச்சுக்க."

அவர் போய்விட்டார். நீலக் கோட்டைத் தவிர அவளுக்குத் துணை யாருமில்லை.

பதினொன்று இருபதுக்கு அவள் மதுரைக்குப் பேசினாள். "இடம் வேண்டாங்க. வேற யாருக்காச்சும் கொடுத்துருங்க." மறுமுனையில் தனுஷ்கோடியின் பெயர் நீக்கப்பட்டது. அப்பா டயாலிசிஸுக்குப் போவதில்லை. இன்று மாலை முதல் புதிய மாத்திரையே உண்பார் என்பது முடிவாயிற்று.

அடுத்த கால் மணியில் திருச்சுழி பஸ் வந்து நின்றது. புதிய மாத்திரை உண்ணும் நோயாளி ஒருவரின் மனைவி பிச்சையம்மாள், பையோடு மாத்திரை கொடுக்கும் சன்னலுக்கு வந்தாள். நோயாளிகள் அவ்வளவு தூரம் வந்து போக முடியாதென்பதால், தீர்ந்த அட்டையைக் காட்டி வீட்டாரே புதியதை வாங்கிச் செல்லலாம். புதிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று, அதனோடு மட்டும் இரண்டு கிலோ சத்துமாவும் கொடுப்பது வழக்கம்.

"என்ன தாயி, மொகத்துல இன்னைக்கு இம்புட்டு வெளிச்சம்? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டாகளா?"

"போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் கேலிதான்." மாத்திரையையும் மாவையும் எடுத்து வைத்துவிட்டு, கிருஷ்ணப்ரியா நோட்டில் குறித்தாள். பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அக்கா, ஒரு ஒத்தாசை செய்யணும். எங்கப்பாவை நாளைக்கு உங்க ஊருக்குக் கூட்டிட்டு வாரேன். உங்க வீட்டுக்காரரை அவரு ஒரு தடவை பாக்கணும்."

"அவுகளையா? எதுக்கு?"

"அப்பாவுக்கும் இதே நோவுதான். இந்த மாத்திரையைத் தின்னு பொழைச்சுக் கெடக்குற ஒரு மனுசரைக் கண்ணால பாத்தா, ஒரு வாய் சோறாவது சாப்பிடுவாரு. இதை நம்பித்தான் மதுரையையே வேணாமின்னுட்டேன்."

பிச்சையம்மாளின் சிரிப்பு நின்றது. மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகச் சன்னலுக்குள் திரும்பத் தள்ளினாள். மாவுப் பையை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேரப்பிள்ளைக ரெண்டும் இந்த மாவுலதான் வளருதுக. வெவரம் தெரிஞ்சா நிறுத்திருவீகளேன்னு வாய தொறக்கல. எங்க ஊருல இன்னும் மூணு வீட்டுலயும் இந்தக் கதைதான்."

"எந்தக் கதைக்கா?"

"அவுகளைப் பொதைச்சு எட்டு மாசமாச்சு தாயி."