தறி நின்ற நேரம்

பொதட்டூர்பேட்டையில் மின்சாரம் போகிறது. தெருவிலுள்ள விசைத்தறிகள் எல்லாம் ஒரேயடியாக ஓய்கின்றன. குணசேகரன் ஓடிப்போய், தானே செய்த ஆம்ப்ளிஃபயரை பைக் பேட்டரியில் மாட்டுகிறான். இதற்கு முன் செய்தவையெல்லாம் பாட்டு போடாதபோதும் இரைந்தன. இது இரைகிறதா என்பது தறிச் சத்தத்தில் தெரியாது. மின்சாரம் திரும்புவதற்குள் கேட்டாக வேண்டும். சன்னல் வெயிலில் ஈயப்பற்று மின்னுகிறது. திருத்தணி பஸ் தெருமுனையைக் கடக்கும்வரை பொறுத்து, குமிழைக் கடைசிவரை திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைக்கிறான். “ஒன்னுமே கேக்கலயே பாவா, புஸ்ஸுனு பூட்ச்சா?” என்கிறான் இறந்துபோன மனைவியின் தம்பி இளம்பரிதி. “ஒன்னும் கேக்கக் கூடாதுடா.” சொல்லும்போதே குணசேகரனுக்குச் சிரிப்பு முட்டுகிறது. குமிழைக் குறைத்து போனைச் செருகுகிறான். தவில் எழுகிறது, தோலில் விரல் உரசுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. எதிர்வீட்டுத் தறிக்காரர் கண்ணையன் வாசலுக்கே வந்துவிட்டார். “சவுண்டு ஏத்துப்பா, கரண்டு வந்துடப் போவுது.”