போன கையோடு திரும்பியவர்

"சார் இன்னிக்கு லீவாச்சே மேடம், உங்ககிட்ட சொல்லலையா?"

கணவரின் ஆபீஸில் போனை எடுத்த பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். இவளுக்குத்தான் பகீரென்றது. ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பிய மனிதர். கைப்பேசியை வேறு அணைத்து வைத்திருந்தார்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளைம் விசாரிக்கிறவர். செத்தவனையே எழுப்பி உட்கார வைத்து, "ஏன் செத்தே?" என்று கேட்கக்கூடிய ஆள். சாயங்காலமே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தங்கையின் பெட்டி தயாராக நின்றது. மாப்பிள்ளையின் பதில் சரியில்லை என்றால் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போவதாக முடிவு.

கதவைத் திறந்து வந்த வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார். ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"எங்கே போயிட்டு வர்றீங்க மாப்பிள்ளை?"

"ஆபீஸ் வேலையா..."

"லீவுன்னு உங்க ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

"பிளைட்ல போயிட்டு வந்தேன்."

"யாரைப் பார்க்க?"

"யாரையும் பார்க்கலை. அங்கே இறங்கினேன். அடுத்த பிளைட்ல ஏறித் திரும்பிட்டேன்."

"கேட்டியாண்ணா கதையை?" என்றாள் அவள். சிரிப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

வேறு யாராவது சொல்லியிருந்தால்கூட நம்பலாம். குடும்பத்தில் இவருக்குப் பேரே 'பாயிண்ட் மாப்பிள்ளை'. பெட்ரோல் போட்டால் பாயிண்ட், மளிகை வாங்கினால் பாயிண்ட், அதைச் சேர்த்து வைத்து ஓசி டிக்கெட், ஓசி ஹோட்டல். கல்யாண நாளைக் கொண்டாடக்கூட, பாயிண்ட்டில் அறை கிடைக்கும்வரை மாசக்கணக்கில் காத்திருப்பார். விமான நிலையத்தில் தண்ணீர் வாங்க மனசு வராது. காலி பாட்டிலோடு உள்ளே போய்க் குழாயில் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கஞ்சன் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துச் சும்மா போய்விட்டுச் சும்மா வந்தாராம். காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

"யாருங்க அவ?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருந்தது.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா. கோல்டு கார்டுக்காகப் போனேன்."

"என்ன கார்டு?" அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வருஷத்துக்கு இத்தனை தடவை பறந்தாத்தான் விமானக் கம்பெனிக்காரன் கோல்டு கார்டு குடுப்பான். முன்னெல்லாம் ஆபீஸே அனுப்பும், தானா சேர்ந்துடும். இப்போ எல்லா மீட்டிங்கும் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுடுது. இந்த வருஷம் கணக்குக்கு ஒரு பயணம் குறைஞ்சுது. இந்த வாரத்தோட கெடு முடியுது, அதான் ஓடினேன்."

"அந்தக் கார்டை வெச்சு என்ன பண்ணுவீங்க? ஏர்போர்ட்ல ஓசிச் சாப்பாடு, சாஞ்சுக்க மெத்தை நாற்காலி, அதானே?"

"அதெல்லாம் உண்டு. ஆனா நான் போனது அதுக்காக இல்லை."

"பின்னே எதுக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அது முடிச்சு விழுந்துபோய் வரமாட்டேன் என்றது.

அண்ணன் எழுந்து பெட்டியைத் தூக்கினார். "நான் பார்க்காத கேஸா? பொய் சொல்றவங்க இப்படித்தான் தரையைப் பார்ப்பாங்க. நீ கிளம்பும்மா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லமாட்டாரா என்று ஏங்கியது மனசு. வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

"போகாதே. சொல்லிடறேன்."

நின்றாள்.

"கோல்டு கார்டு இருந்தா, பிளைட் முழுக்க நிரம்பியிருந்தாலும் வீட்டுல ஒருத்தருக்கு சீட் குடுத்தே ஆகணும். கடைசி நேரத்துல கேட்டாலும் இல்லைன்னு சொல்லமுடியாது. அது அந்தக் கம்பெனியோட விதி."

"யாருக்கு அந்த சீட்டு?" அண்ணன் விடவில்லை.

"உங்க தங்கச்சிக்குத்தான்."

அவர் மச்சானைப் பார்த்தே பேசினார். மனைவி பக்கம் திரும்பவில்லை.

"உங்க அப்பா தவறினப்போ லீவு சமயம். ஊருக்குப் போற எல்லா பிளைட்டும் ஃபுல். தேடித் தேடி ஒரே ஒரு சீட்டு கிடைச்சுது. மூத்த பிள்ளைன்னு நீங்க ஏறிப் போயிட்டீங்க, அது நியாயம்தான். இவளுக்கு இடம் கிடைக்கறதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்பா முகத்தைப் பார்க்கலையே, பார்க்கலையேன்னு ஏர்போர்ட் தரையில உக்காந்து அழுதா. கூட இருந்தவன் நான்தான். இன்னொரு தடவை இவ அப்படி உக்காரக் கூடாது மச்சான்."

அண்ணன் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவள் கணவனிடம் வந்தாள்.

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு ஆபீஸ் வேலைன்னு பொய் சொன்னீங்க?"

"ஊர்ல உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. தினமும் உன்கூட போன்ல சிரிச்சுப் பேசறாங்க. அவங்க கண்ணை மூடற அன்னிக்குன்னு உனக்கு ஒரு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"